சிங்காநல்லூர் மெயின்பிரேம் சங்கம் கூட்டம் போட்ட கதை

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் மெயின்பிரேம்காரர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. மெயின்பிரேம் என்றால் பீரோ கணக்கில் நிற்கும் பெரிய கம்ப்யூட்டர். வங்கிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் விடிய விடியக் கணக்குப் போடுவது அதுதான். அதற்கு இரண்டு குணம் உண்டு. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. முதல் வேலை முடியாமல் அடுத்த வேலையைத் தொடாது. மெஷினுக்கு இது அழகுதான். அதோடு காலமெல்லாம் குடித்தனம் நடத்திய மனுஷர்களுக்கும் அந்தக் குணம் ஒட்டிக்கொண்டதுதான் சங்கடம்.

சங்கத்தில் முக்கியஸ்தர்கள் நான்கு பேர். தலைவர் நாச்சிமுத்து. செயலாளர் அமுதவல்லி. யோசனை சொல்வதற்குக் குப்புராஜ். அந்த யோசனையை யாரும் தடுப்பதற்குள் செய்து முடிப்பதற்குத் தண்டபாணி.

சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. என்ன பேசுவது என்று முடிவு செய்த பிறகே கூட்டத்தைக் கூட்ட வேண்டும் என்பது அவர்கள் விதி. அந்த முடிவைக் கூட்டத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆகவே சனிக்கிழமைதோறும் நால்வரும் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து, தேங்காய் பன்னைக் கடித்துக்கொண்டு, ஏன் கூட்டம் நடக்கவில்லை என்று மாலை முழுக்கப் பேசிவிட்டுக் கலைவார்கள்.

ஒரு சனிக்கிழமை சென்னைத் தலைமைச் சங்கத்திலிருந்து கோமளா மேடம் போன் செய்தார்.

"சார், அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு கூட்டமாவது உருப்படியா நடத்திக் காட்டுங்க. இல்லேன்னா உங்க சங்கத்தை ஈரோட்டோட சேத்துடுவோம்."

நாச்சிமுத்துவுக்கு இது சாதாரண விஷயமில்லை. அவர் பாடு அப்படி. மருமகன் அவரைப் பிரிண்டர் ரிப்பேர் பார்க்கக் கூப்பிடுவார். அவர் மனைவி அக்கம்பக்கத்தில் கேட்டால் ‘அவரு கரண்டு சம்பந்தமா ஏதோ பாக்கறாருங்க’ என்று சொல்லி முடித்துவிடுவார். அவர் வாயைத் திறந்தால் புரிந்துகொண்டு தலையாட்ட உலகத்திலேயே மூன்று பேர்தான், அவர்களும் அந்தப் பேக்கரி மேஜையில்தான். இனி ஈரோட்டில் யாரோ பேசக் கடைசி வரிசையில் உட்கார வேண்டுமா என்று நினைத்ததும் கடித்த பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"எப்படி நடத்தறதுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க, மேடம். அப்படியே செஞ்சர்றோமுங்க" என்றார்.

அப்படியே செய்துவிடுவார்கள் என்பது கோமளா மேடத்துக்குத் தெரியாது. அவர் பாட்டுக்குச் சொன்னார். "பெரிய வேலையில்ல சார். நோட்டீஸை எல்லாரும் பாக்கற இடத்துல ஒட்டுங்க. இங்கேருந்து மோகனரங்கம் சார் வருவார். அவர்தான் பேசப்போறார், கூட்டம் உருப்படியா நடந்துதான்னு முடிவு சொல்லப்போறதும் அவர்தான். அவரைச் சொந்த வீட்டுல இருக்கற மாதிரி வெச்சுக்கோங்க. பேச்சு முடிஞ்சதும் எல்லாருக்கும் டீ குடுங்க. அவ்வளவுதான்."

அமுதவல்லி அதை ஒரு முறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

அன்றைக்கே விவாதம் தொடங்கியது.

"எல்லாரும் பாக்கற எடம்னா எதுங்க?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"பஸ் ஸ்டாண்டுங்க" என்றார் தண்டபாணி.

"பைக்ல போறவங்க?"

"அப்ப சிக்னலுங்க."

"ஊட்டுக்குள்ளயே இருக்கறவங்க?" என்றார் அமுதவல்லி. "எல்லாரும்னு சொல்லியிருக்காங்க. முக்காவாசிப் பேருன்னு சொல்லலீங்களே."

குப்புராஜ் கண்ணை மூடி யோசித்துவிட்டுத் திறந்தார். "காலையில எந்திரிச்சு பெரியவங்க சின்னவங்க எல்லாரும் பாக்கறது கண்ணாடிதானுங்க."

ஊரிலுள்ள வீடு வீடாகப் போய்க் கண்ணாடியில் ஒட்ட முடியாது என்பதால், சலூன் கண்ணாடி என்று முடிவானது. சலூன்காரர் கதிர்வேல் சாப்பிடப் போன நேரத்தில் தண்டபாணி மைதாப் பசை வாளியோடு போய், ஒருவர் கண்ணிலும் படாமல் போய்விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், கண்ணாடியில் ஓர் அங்குலம் மிச்சமில்லாமல் ஒட்டிவிட்டு வந்தார். சுரண்டினாலும் வராத பசை அது.

கதிர்வேல் தொழிலில் கெட்டிக்காரர்தான். ஆனாலும் மீசை ஒதுக்கும்போது, கண்ணாடியைப் பார்த்து ‘இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்’ என்று வாடிக்கையாளர் சொல்ல வேண்டும் அல்லவா. இப்போது அவர்களுக்குத் தெரிவதெல்லாம் மெயின்பிரேம் நோட்டீஸ்தான். அவராகவே இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சமன் செய்துகொண்டே போனார். பாதிப் பேருக்கு ஒரு பக்க மீசைதான் மிஞ்சியது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தவர்களிடம் அவர் சொன்னார், "என்னை எதுக்குங்க கேக்கறீங்க? நோட்டீஸ் ஒட்டினவங்களைக் கேளுங்க. எடம், நாள் எல்லாம் அதுலயே போட்டிருக்குதுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை மோகனரங்கம் ரயிலில் வந்து இறங்கினார். சாந்தமான மனிதர். நால்வரும் மாலை போட்டு, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலுக்குக் கூட்டி வந்தார்கள். உட்கார வைத்ததும் அமுதவல்லி கேட்டார்.

"சார், ஊட்ல நீங்க எப்படி இருப்பீங்க?"

மோகனரங்கம் சிரித்தார். ஏதோ குசலம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். "வீட்லயா? நான் எங்கே வாயைத் திறக்கறேன்மா? பேசறதெல்லாம் என் சம்சாரம்தான். ஞாயித்துக்கிழமைன்னா துணி அலசிக் காயப்போடறது என் வேலை."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குப்புராஜ் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்து, ஊறப்போட்டிருந்த துணியைப் பக்கெட்டோடு கொண்டு வந்தார். இந்தச் சங்கத்தால் முதல்முறையாக ஒரு பிரயோஜனம் என்று அவர் மனைவி ரொம்பச் சந்தோஷப்பட்டார். தண்டபாணி மேடையின் குறுக்கே துணி காயப்போடக் கொடி கட்டினார்.

அதற்குள் ஹால் நிறைந்துவிட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தார்கள். மரியாதை தெரிந்த ஊர் என்று மோகனரங்கம் மனசுக்குள் மெச்சிக்கொண்டு மைக் முன்னால் எழுந்தார்.

"எல்லாருக்கும் வண..."

"பேசாதீங்க சார்" என்று அமுதவல்லி உதட்டில் விரலை வைத்தார். "ஊட்ல மாதிரியே இருங்க."

குப்புராஜ் பக்கெட்டை அவர் முன்னால் வைத்தார். அந்த மனிதர் மறுத்திருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெண்குரல் பேசாதே என்கிறது, முன்னால் ஈரத்துணி. இத்தனை வருஷப் பழக்கம் எங்கே போகும்? கை தானாக ஒரு சட்டையை எடுத்து உதறியது.

கூட்டத்திலிருந்து பஞ்சர் கடை அய்யாவு எழுந்தார். வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்துக் காட்டினார். இடது பக்க மீசை இருந்தது, வலது பக்கம் இல்லை.

"இதுக்கு யாருங்க பொறுப்பு?"

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. கேள்வி கேட்கிறார்கள். "நல்ல கேள்விங்க. மெயின்பிரேமுல தப்பு நடந்தா மெஷின் பொறுப்பில்லீங்க. அதுக்கு என்ன சொல்லி உட்டமோ அதத்தான் செய்யும். சொன்னவங்கதான் பொறுப்பு" என்று ஆரம்பித்தவர், இரவு வேலைகள் எப்படி வரிசையாக ஓடும், ஒன்று நின்றால் எல்லாம் எப்படிக் காத்திருக்கும் என்று விலாவாரியாகச் சொன்னார். முன்வரிசையில் ஒருவர் டீ டிரம்மைப் பார்த்துக்கொண்டே "அப்புறமுங்க?" என்றார். அப்படி ஒரு வார்த்தையை நாச்சிமுத்து தன் வீட்டில் கேட்டதேயில்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அதெல்லாம் சரிங்க. டீயாவது குடுப்பீங்களா?" என்றார் அய்யாவு.

"பேச்சு முடிஞ்சாத்தானுங்க டீ" என்றார் அமுதவல்லி.

"அப்ப பேசி முடிங்க."

"பேச வேண்டியவர் சாருங்க. அவர் ஊட்ல மாதிரி இருக்காருங்க. ஊட்ல அவர் பேச மாட்டாருங்க."

இப்போதுதான் நால்வருக்கும் நிலைமை புரிந்தது. முந்தைய வேலை முடியாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. முந்தையதோ ஆரம்பிக்கவே முடியாது. ஒற்றை மீசைக்காரர்கள் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. நாச்சிமுத்துவின் காதில் அது ஈரோட்டுக்குப் போகிற பஸ் சத்தமாகவே விழுந்தது.

நால்வரும் மேடை மூலையில் கூடினார்கள்.

"பேச்சைக் கேன்சல் பண்ணிப்போடலாமுங்களா?" என்றார் தண்டபாணி.

"ஓடாததை எப்படிங்க கேன்சல் பண்றது?" என்றார் அமுதவல்லி.

குப்புராஜ் கண்ணை மூடித் திறந்தார். "சார் ஊட்ல பேசறது யாருங்க?"

"ஊட்டம்மா."

"அப்ப இங்கயும் அவங்கதானுங்களே பேசோணும்."

மோகனரங்கத்திடம் போன் கேட்டார்கள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் ஈரக்கையால் எடுத்துக் கொடுத்தார். அவர் மனைவி வத்சலாவின் குரல் மைக் வழியாக ஹால் முழுக்கக் கேட்டது.

"யாரு? சங்கமா? அவரைப் பத்திப் பேசணுமா? எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசறேன். அந்த மனுஷன்கிட்ட ஒரு வேலை சொன்னா, சொன்னது மட்டும்தான் நடக்கும். மழை வந்தா துணியை எடுங்கன்னேன். மழை வந்துது, எடுத்தார். மழை விட்டும் கையில வெச்சுண்டே நிக்கறார். ஏன்னு கேட்டா, திரும்பப் போடச் சொல்லலையேங்கறார்."

அமுதவல்லி எழுத ஆரம்பித்தார்.

"ஒண்ணை முடிக்காம இன்னொண்ணைத் தொட மாட்டார். பேப்பர் படிச்சு முடிக்காம குளிக்கப் போக மாட்டார். பேப்பர்காரன் வராத அன்னிக்குக் குளியலே கிடையாது. எப்பவாவது மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டா, என்ன கோபம்னு சொல்றதில்ல. ஒரு ‘ம்’ போடுவார். எந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம்னு நானே ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சு மனசுல வெச்சிருக்கேன்."

"தப்பு நடந்தா மெஷின் காட்டற எர்ரர் நம்பரை இத்தனை தெளிவா யாருமே சொன்னதில்லீங்க" என்று தண்டபாணி கிசுகிசுத்தார்.

"புதுசு வாங்கிக்கோன்னு என் தங்கை கேலி பண்ணுவா. நான் மாத்த மாட்டேன். ஒப்படைச்ச வேலை ஒரு நாள்கூடத் தவறினதில்ல. இந்தக் காலத்துல அப்படி எது கிடைக்கறது?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மோகனரங்கம் கொடிக்குப் பின்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், துடைத்தது குப்புராஜின் லுங்கி. அய்யாவு எழுந்து, "மெயின்பிரேம்னா இதுதானுங்களா? அப்ப எங்கூட்டுக்காரிக்கு நானும் ஒரு மெயின்பிரேம்தானுங்க. என்னையும் சங்கத்துல சேத்துக்குங்க" என்றார். ஒற்றை மீசைக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்தார்கள். பேச்சு முடிந்துவிட்டதால் டீ வந்தது. ஆறித்தான் போயிருந்தது. ஆறிப்போன டீயைச் சுட வைக்கும்படி கோமளா மேடம் சொல்லியிருக்கவில்லை.

கிளம்பும்போது மோகனரங்கம் நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனையோ ஊர்ல பேசியிருக்கேன். பாதி நாற்காலி காலியா இருக்கும், மீதிப் பேர் தூங்குவாங்க. இப்படி ஒரு கூட்டத்தை நான் பாத்ததில்ல. ஈரோடெல்லாம் வேண்டாம், உங்க சங்கம் தனியாவே இருக்கட்டும். மாசாமாசம் இதே மாதிரி நடத்துங்க."

"இதே மாதிரியா சார்?" என்று அமுதவல்லி பேனாவை எடுத்தார்.

"இதே மாதிரி. ஒரு குறையும் இல்லாம."

நாச்சிமுத்து அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனார் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு வந்தது, போனது. கூட்டம் நடந்ததாகத் தகவல் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. கோமளா மேடம் பதறிப்போய்ப் போன் செய்தார்.

"என்ன சார் ஆச்சு? மோகனரங்கம் சார் அவ்வளவு புகழ்ந்தாரே. ஏன் கூட்டம் நடக்கல?"

"எல்லாம் தயாருங்க மேடம்" என்றார் நாச்சிமுத்து. "சாருக்குத் துணி ஊறப்போட்டாச்சுங்க. ஊட்டம்மாகிட்டயும் நேரம் வாங்கியாச்சுங்க. கதிர்வேல் கடைக் கண்ணாடியிலயும் நோட்டீஸ் ஒட்டியாச்சுங்க. மீசைதானுங்க இன்னும் முளைக்கோணும்."

"என்னது?"

"பாதி மீசையை எடுக்கோணும்னா முதல்ல முழு மீசை வேணுமில்லீங்களா மேடம்? மத்தவங்களுக்கெல்லாம் முளைச்சிருச்சுங்க. பஞ்சர் கடை அய்யாவுக்கு மட்டும்தான் பாக்கி. மீசையில்லாம இருக்கறதுதான் லட்சணமா இருக்குதுன்னு அவரு ஊட்டம்மா மொத்தத்தையும் எடுத்துவிட்டுட்டாங்களாமா. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. தண்டபாணி தேங்காயெண்ணெயோட அங்கதானுங்க உக்காந்திருக்காரு."