பேட்டரி இல்லாத போன்

நடுவரும் வக்கீலும் முதலாளியும் சுற்றி உட்கார்ந்திருக்க, அங்கே துப்புரவு வேலை பார்க்கும் தவமணி விசாரணை அறை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேசை நடுவே, சீல் வைத்த கவருக்குள், பேட்டரி கழற்றிய பழைய போன் ஒன்று கிடந்தது. டவர் இல்லாத இடத்திலும் பேசும் முதல் போன் அது. அதன் காப்புரிமைக்குத்தான் இரண்டு கம்பெனிகள் அடித்துக்கொண்டன.

அதைச் செய்தவன், செத்துப்போன அவள் புருஷன், ஒரு கம்பெனியில் மெக்கானிக்காக இருந்த எபனேசர். எதிர்க்கம்பெனி முதலாளி சிங்காரவேலரோ, "நான் கண்டுபிடிச்சதை அவன் திருடிட்டான்" என்று சாதித்தார். நடுவர் அப்படியே எழுதிவிட்டால், அவள் கைக்குழந்தை திருடன் பிள்ளை ஆகிவிடும்.

திடீரென்று மேசை மேல், விர்ர்... விர்ர்...

"ஐயோ, அதில பேட்டரி இல்லியே!" என்று வக்கீல் எழுந்தே விட்டார்.

தவமணி தலை நிமிராமல், துடைக்கும் துணியோடு சேர்த்துக் கவரை முதலாளி பக்கம் நகர்த்தினாள். "செஞ்சவங்களைத்தான் கூப்பிடுது போலிருக்கு ஐயா. நீங்கதானே செஞ்சீங்க? எடுத்துப் பேசுங்க."

முதலாளி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "என்கிட்ட தள்ளாதேம்மா! அது எபனேசர் செஞ்சது! அவன்தான் கூப்பிடுறான்!"

நடுவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கவரைத் தொடப் பயந்து எல்லோரும் வெளியே போய்விட்டார்கள்.

தவமணி சிரித்துக்கொண்டே துணியைப் பிரித்து, அதற்குள் ஒளித்திருந்த தன் போனை எடுத்தாள். அலாரம் வைத்திருந்தது பதினொன்றரைக்கு. மணி இப்போதுதான் பதினொன்று. அவள் போன் இன்னும் அடிக்கவே இல்லை.

அப்போது கவருக்குள்ளிருந்து, "தவம், இங்க வாயேன்" என்று எபனேசரின் பழகின குரல் கேட்டது.