வேட்டி நனையாத ஆறு

ஓடக்காரன் பிச்சாண்டியின் வயிற்றில் முதலில் அடித்தவன் மிராசுதார் தாண்டவராயன். கொள்ளிடத்தின் நடுவே நாலு பக்கமும் தண்ணீர் ஓடும் திட்டில் பத்து வருஷமாகப் பரங்கி போட்டுப் பிழைத்தவனிடம், "இது திட்டே இல்லை. என் கரையோடு சேர்ந்த நிலம். காலி பண்ணுடா!" என்றான் அந்தப் பாவி.

விசாரிக்கத் தாசில்தார் வந்தார். அவரையும் மிராசுதாரையும் பிச்சாண்டிதான் ஓடத்தில் ஏற்றித் திட்டுக்குக் கொண்டுபோனான்.

"கரைக்கும் இதுக்கும் நடுவில் ஓடுவது ஆறுதானே?" என்றார் தாசில்தார்.

"ஆறாவது! வெறும் சேறுங்க. வேட்டி நனையாமல் நடக்கலாம்," என்றான் மிராசுதார், கூசாமல்.

திரும்பும்போது பிச்சாண்டி தாசில்தாரை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓடத்தைத் தள்ளினான். "எசமான் நடந்தே வந்துடுவாருங்க."

வீம்புக்கு இறங்கிய மிராசுதார் நாலாவது எட்டில் கழுத்தளவு தண்ணீரில் தத்தளித்தான். "டேய், ஓடத்தைக் கொண்டாடா!"

"சேத்துல ஓடம் எப்படிங்க எசமான் வரும்?"

"ஆறுதாண்டா! ஆறு, ஆறு! ஊரைக் கூட்டி உன்கிட்ட மன்னிப்புக் கேட்கிறேன், தூக்குடா!"

தாசில்தார் அதை அப்படியே எழுதிக்கொண்டார். திட்டு பிச்சாண்டிக்கே நின்றது.

பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. மிராசுதாரை எங்கே கண்டாலும் பிச்சாண்டி வழியை மறித்து, "ஊரை எப்போங்க கூட்டப்போறீங்க?" என்று கேட்கிறான். ஊர்தான் இன்னும் கூடவில்லை.