பித்தளை ஆணி

மதகு திறக்கவில்லை.

மழை விட்டபாடில்லை. ஏரி, கரையின் விளிம்புக்கு வந்துவிட்டது. கரை போனால் கீழ்த்தெரு போகும். மதகைப் பார்த்துக்கொள்வது மடத்தின் வேலை. மடத்தில் அது வைரவன் வேலை.

மதகுக் கதவைத் தூக்க ஒரு சக்கரம் உண்டு. சக்கரத்தையும் திருகுத் தண்டையும் சேர்த்துப் பிடிப்பது சுண்டுவிரல் தடிமனில் ஒரு பித்தளை ஆணி. காலையில் வைரவன் சக்கரத்தைச் சுற்றினான். ஆணி முறிந்தது. வேறு போட்டான். அதுவும் முறிந்தது.

கூட நின்றவன் புன்னைவனம். அவனும் சீடன்தான்.

"அண்ணே, எனக்குப் பயமா இருக்கு. சாமிகிட்ட சொல்லிடுவோம்."

"உனக்கு எதுக்குத்தான் பயமில்லை? கரப்பான் பறந்தாலே மடத்தைக் காலி பண்றவன் நீ. வாயை மூடு."

வைரவன் ஒரு எஃகு போல்ட்டை அடித்து இறக்கினான். உடம்பின் பலத்தையெல்லாம் கொடுத்துச் சுற்றினான். போல்ட் முறியவில்லை. தண்டு வளைந்துவிட்டது. அப்புறம் சக்கரம் எந்தப் பக்கமும் அசையவில்லை.

குரு நனைந்துகொண்டே வந்தார்.

"சாமி, இவ்வளவு பெரிய கதவுக்கு எதுக்கு இப்படி ஒரு நோஞ்சான் ஆணி?"

"முறியறதுக்கு."

"முறியறதுக்கா?"

"அடியில என்னவோ சிக்கியிருக்கு. தண்டு வளையறதுக்கு முன்னாடி ஆணி முறியணும். முறிஞ்சுதா?"

"ரெண்டு தடவை."

"நீ என்ன செஞ்சே?"

வைரவன் எஃகு போல்ட்டைக் காட்டினான். ஒரு அலை கரையைத் தாண்டி அவன் காலில் வழிந்தது.

"நிக்காதே. கீழ்த்தெருவை மேட்டுக்கு ஏத்து. ஓடு."

ஓடினான். கதவு கதவாகத் தட்டினான். ஒருத்தி அடுப்பை விட்டு வர மாட்டேன் என்றாள். "மடத்துக்காரங்க பார்த்துக்கிற ஏரிதானே? உடைஞ்சிடுமா என்ன?"

அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேடு ஏறினான். அவள் திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

பாதி மேட்டில் தண்ணீர் பாயும் இரைச்சல் கேட்டது. கரை போச்சு என்றே நினைத்தான். திரும்பிப் பார்த்தான். கரை நின்றது. தண்ணீர் மதகு வழியாக வாய்க்காலில் பாய்ந்துகொண்டிருந்தது.

பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு மதகுக்கு வந்தான். வளைந்த தண்டைக் கழற்றிப் போட்டு, மடத்தார் கதவில் வடம் கட்டி இழுத்திருந்தார்கள். கரைமேல் ஒரு கருவேலங்கட்டை, முள்ளும் சேறுமாகக் கிடந்தது. முள்ளில் ரத்தம்.

"இதை எடுக்க யார் சாமி உள்ளே இறங்கினது?"

குரு வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கு, பயமா இருக்குன்னு அழுதுகிட்டேதான் இறங்கினான்," என்றார். "புன்னைவனம்."