துருவிடம் கேட்ட விடுதலை

ஒரு வீட்டு அடுப்படியில் மடக்கு அரிவாள்மனை ஒன்று இருந்தது. காய் நறுக்கி முடிந்ததும், வீட்டுக்காரி தங்கபுஷ்பம் கை வைக்கும் முன்பே, டக்கென்று தானாக மடங்கிப் பலகையோடு படுத்துக்கொள்ளும். "என் ராசாத்தி! உனக்கிருக்கிற புத்தி இந்த வீட்டு மனுசருக்கு இல்லையே," என்பாள் அவள்.

ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கும்போது ஒரு நாள் அவள் விரலில் லேசாகப் பட்டுவிட்டது. ஒரு சொட்டு ரத்தம். விரலை வாயில் வைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். அரிவாள்மனைக்குத்தான் ஈரக்குலை நடுங்கியது. அந்த வாரம்தான் அவள் மகன் பரிதி தவழ ஆரம்பித்திருந்தான்.

"என்னடி, முகமே செத்துக் கிடக்கு?" என்றது பக்கத்தில் தொங்கிய மர அகப்பை.

"பிள்ளை விரல் வெண்டைப்பிஞ்சு மாதிரி இருக்குக்கா. ஒரு நாள் எனக்கே வெட்டிப் பார்க்கணும்னு தோணிட்டா?"

"என்னைப் பாரு. பொறந்ததிலேருந்து ஒருத்தரையும் கீறினதில்லை."

"உன்னால முடியாது. அதான் கீறலை."

"வாய் மட்டும் உனக்கு மழுங்கவே மழுங்காது," என்று அகப்பை திரும்பிக்கொண்டது.

அப்போது மடக்கும் ஆணிக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "தங்கச்சி, நான்தான் துரு. மாங்காய்ப் புளிப்பைத் துடைக்க விடாம உள்ளேயே வச்சுக்கோ. உன் கூரைத் தின்னுடறேன். கெட்டது செய்யவே முடியாதவளுக்கு ஏது பயம்? அதுதானே விடுதலை!"

அரிவாள்மனை சம்மதித்தது. துணிக்கு எட்டாமல் புளிப்பை ஆணிக்குள் ஒளித்துவைத்தது. துரு தின்றது. தின்றுகொண்டே இருந்தது.

ஒரு நாள் காலையில், கொல்லையில் காய்ந்த மாங்காய் வற்றலில் ஆடு வாய் வைத்தது. "ஏய், சனியனே!" என்று தங்கபுஷ்பம் நறுக்கிக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். அரிவாள்மனைதான் எப்போதும் தானாக மடங்கிக்கொள்ளுமே!

பரிதி தவழ்ந்து வந்தான். கூருக்கு நேர் கீழே ஒரு மாங்காய்த் துண்டு கிடந்தது.

அரிவாள்மனை மடங்கப் பார்த்தது. அசையவில்லை.

"விடு! பிள்ளை வர்றான்!"

"ஏன் பதறுறே?" என்றது துரு. "இனிமே எது நடந்தாலும் நீ செஞ்சதில்லை."

"கூர் அப்படியே இருக்கே!"

"அதுக்கு நாளாகும். முதல்ல, நீ வெட்டமாட்டேன்னு மடங்குற இடத்தைத்தான் தின்னேன்."

பிஞ்சுக் கை நீண்டது. பிள்ளையின் மூச்சுக் காற்று கூரின் மேல் பட்டது. அரிவாள்மனை உயிரைக் கொடுத்து முறுக்கியது. ஆணி அலறியது. கொல்லையில் நின்ற தங்கபுஷ்பத்துக்கு அது கேட்டது. ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்தாள். கையை விரித்து ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்த பிறகுதான் மூச்சுவிட்டாள்.

அன்று சாயங்காலமே செங்கல்பொடி போட்டுத் துருவைத் தேய்த்தாள். ஆணியில் எண்ணெய் விட்டாள். கருங்கல்லில் கூரையும் தீட்டி வைத்தாள்.

"இப்பவாவது பயம் போச்சா?" என்றது அகப்பை.

"எங்கே போகும்? இப்ப என்னால நல்லாவே வெட்ட முடியும்க்கா."

பரிதி மறுபடி தவழ்ந்து வருகிற சத்தம் கேட்டது. அரிவாள்மனை நடுங்கிக்கொண்டே மடங்கியது.