வாசனையார் கொடுத்த ஓலைப்பெட்டி

ஆற்றங்கரைக் காட்டில் செவந்தி என்றொரு சருகுமான் இருந்தாள். சருகுமானைப் பார்த்திருக்கிறீர்களா? மான் என்று பெயர்தானே தவிர, முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. காய்ந்த இலை விழுந்தாலே திடுக்கிடும். செவந்திக்கோ இலை, இடி, நரி எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. யாராவது ஒரு உதவி கேட்டால், முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்ல அவளுக்குப் பயம்!

அவளுக்கு ஒரே குட்டி. பெயர் மொட்டு. மழைக்காலத்தில் பிடித்த இருமல் மொட்டை விடவே இல்லை. இரவெல்லாம் இருமி இருமி விலா எலும்பு தெரிய இளைத்துப் போயிருந்தது. "நாவல் தீவுக்குக் கூட்டிப் போ. ரெண்டு நாள் ஆத்துக் காத்து பட்டா சரியாப் போகும்" என்று காட்டில் எல்லாரும் சொன்னார்கள்.

நாவல் பழுக்கும் காலத்தில் கடம்பன் என்ற நீர்நாய் தீவுக்குப் பரிசல் விடுவான். காலையில் கிளம்பி, ஆற்றைச் சுற்றிக் காட்டி, மாலையில் தீவில் இறக்குவான். மறுநாள் திரும்ப அழைத்து வந்துவிடுவான். அந்தத் தீவில் நரி கிடையாது. பாம்பு கிடையாது. தரையில் முட்டையிடும் பறவைகள்கூட அங்கே நிம்மதியாகக் குஞ்சு பொரித்தன.

அதனாலேயே கடம்பன் மகா கண்டிப்பானவன். ஆளுக்கு ஒரு கைமூட்டைதான். மற்றதெல்லாம் பரிசலுக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வாழைத் தெப்பத்தில் போய்விடும். தெப்பத்து மூட்டை மாலையில்தான் கைக்கு வரும்.

"வழியில வேணுங்கிறதைக் கையில வெச்சுக்குங்க! நடு ஆத்துல நின்னுக்கிட்டு அது வேணும் இது வேணும்னு என் உயிரை எடுக்காதீங்க!" என்று முந்தின நாளே கரை நெடுகக் கத்திவிட்டுப் போயிருந்தான்.

செவந்தி சொன்னபடி கேட்கிறவள். மொட்டுக்கு வேண்டிய தூதுவளைத் தழையையும் தேனையும் தேக்கிலையில் பொதிந்து, சின்ன மூட்டையாகக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். விடிந்ததும் குட்டியோடு துறைக்குக் கிளம்பினாள்.

துறைக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. அங்கே கம்மென்று வாசனை அடித்தது. புதரிலிருந்து புனுகுப்பூனை வெளியே வந்தான். அவன் உடம்பில் எந்நேரமும் மணக்கும் புனுகுக்காகக் காட்டில் அவனை வாசனையார் என்பார்கள். பேச்சும் அப்படித்தான், மணக்க மணக்கப் பேசுவான்.

"செவந்தியக்கா! தீவுக்கா? போறதுதானே போறீங்க, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் கொண்டுபோய்க் குடுத்திடுங்களேன்!"

அவன் காலடியில் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. மூடியைச் சுற்றி ஒரு கொடி தொளதொளவென்று கட்டியிருந்தது.

"என்னது தம்பி அது?" என்றாள் செவந்தி.

"அங்க என் தங்கச்சி பிள்ளை பெத்திருக்காக்கா. பிரசவ லேகியம். நான் போகலாம்னா அந்தக் கடம்பன் என்னை ஏத்த மாட்டேங்கறான். இறங்கினதும் ஏதாவது ஒரு நாவல் மரத்தடியில வெச்சாப் போதும், அவளே வந்து எடுத்துக்குவா. திறந்து மட்டும் பாத்திடாதீங்க, காத்துப் பட்டா மருந்து கெட்டுடும்!"

"எனக்கு ஒரு மூட்டைதானே தம்பி விடுவாங்க..."

"உங்க மூட்டையைத் தெப்பத்துல போட்டுடுங்க! இதை உங்களுதுன்னு சொல்லிக் கையில வெச்சுக்குங்க. பச்சை உடம்புக்காரிக்கு ஒரு உதவிக்கா. நீங்க இல்லேன்னு சொல்லவா போறீங்க?"

இல்லை என்று சொல்லத்தான் செவந்தி வாயைத் திறந்தாள். வாசனையாரின் முகம் லேசாகச் சுருங்கியது. அவ்வளவுதான். "அதுக்கென்ன தம்பி, குடுங்க" என்றாள்.

பெட்டி கனத்தது. முகர்ந்து பார்த்தாள். புனுகு வாசனையைத் தவிர வேறொன்றும் மூக்குக்கு எட்டவில்லை. மொட்டின் மருந்து மூட்டை தெப்பத்துக்குப் போனது. வாசனையாரின் பெட்டி அவள் கழுத்துக்கு வந்தது.

துறையில் கடம்பன் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மூட்டை உன்னுதா செவந்தி? நீயே கட்டினதா?"

செவந்தி பின்னால் திரும்பிப் பார்த்தாள். வளைவில் நின்று வாசனையார் தலையை ஆட்டிச் சிரித்தான்.

"என்னுதுதான் கடம்பண்ணே. நான் கட்டினதுதான்."

"என்ன இத்தனை வாசனை?"

"மருந்துண்ணே."

ஒரு பொய்கூடச் சொல்லாதவள் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? கடம்பன் வழி விட்டான்.

பரிசலில் தோகையம்மா என்ற கிழ மயில் முன்பே உட்கார்ந்திருந்தாள். பெட்டை மயிலுக்குத் தோகை ஏது என்று கேட்காதீர்கள், கேட்டவர்களை அவள் கொத்தியிருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு முயல், நான்கு குட்டிகளோடு இருந்தாள். செவந்தி எதிர்ப்பக்கம் பெட்டியை இறக்கி வைத்து, மொட்டோடு ஒடுங்கி உட்கார்ந்தாள். பரிசல் கிளம்பியது.

கரை சிறுத்துக்கொண்டே போனது. வெயில் ஏறியது. மொட்டுக்கு இருமல் வந்தது. நிற்கவே இல்லை.

"மருந்தைக் குடேன்டி! குழந்தை திணறுதே!" என்றாள் தோகையம்மா.

"மருந்து... பின்னால தெப்பத்துல இருக்கும்மா."

"நல்லா இருக்குடி உன் சமர்த்து! பிள்ளை மருந்தைப் பின்னால போட்டுட்டு, கையில எதைத் தூக்கிட்டு வந்தே?"

செவந்தி மொட்டின் முதுகை நாக்கால் நீவிவிட்டாள். இருமி ஓய்ந்த மொட்டு, காய்ச்சல் உடம்போடு ஓலைப்பெட்டியில் கன்னத்தை வைத்துச் சாய்ந்துகொண்டது.

"அம்மா, இந்தப் பெட்டி ஜில்லுன்னு இருக்கு."

"அப்படியா கண்ணு?"

"ம்ம். மூச்சு விடுதும்மா."

செவந்திக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு பெட்டியைப் பார்த்தாள். ஓலை மெல்ல உப்பியது. மெல்ல அடங்கியது. மறுபடியும் உப்பியது.

மூடியின் விளிம்பு விரல்கடை அளவு உயர்ந்தது. உள்ளிருந்து முக்கோணத் தலை ஒன்று வெளியே வந்தது. கண்ணாடி விரியன்! மொட்டின் கழுத்துக்கும் அந்தத் தலைக்கும் நடுவே ஒரு புல் நுழையும் இடம்தான் இருந்தது.

"சத்தம் போடாதே" என்றது விரியன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "உன் பிள்ளை தூங்கட்டும். நகத்தாதே. எனக்கு எட்டுற தூரத்துலேயே இருக்கட்டும்."

செவந்தி மொட்டை நோக்கி நீட்டிய காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அந்த வாசனைக்காரன் மரப்பொந்துல நான் குடியேறிட்டேன். 'கிளம்பு கிளம்பு'ன்னு கெஞ்சினான். 'இதைவிட நல்ல இடமாக் காட்டு'ன்னேன். காட்டினான். தரையெல்லாம் குஞ்சாமே அங்க!" விரியனின் நாக்கு வெளியே வந்து போனது. "தீவுல என்னை இறக்கி விட்டுடு. உன்னையும் உன் பிள்ளையையும் தொட மாட்டேன். மத்தவங்களைப் பத்தி உனக்கென்ன? நீதான் கொண்டுவந்தேன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

தன் பொந்தைக் காலி செய்ய வாசனையார் விஷத்தை அவள் தலையில் கட்டிவிட்டான்! அவளும் "என்னுதுதான்" என்று வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்!

கத்தினால் மொட்டு போய்விடும். கத்தாவிட்டால் தீவில் இருக்கும் குஞ்சுகளில் ஒன்றும் மிஞ்சாது. எதிரில் முயல்குட்டிகள் ஒன்றின் காதை ஒன்று இழுத்து விளையாடிக்கொண்டிருந்தன. அவற்றின் அம்மா செவந்தியைப் பார்த்துச் சிரித்தாள். செவந்தியும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

தோகையம்மா கழுத்தை நீட்டினாள். "ஏண்டி, அந்தப் பெட்டியை இப்படித் தள்ளேன். முதுகைச் சாய்ச்சுக்கறேன்."

விரியனின் தலை சட்டென்று உள்ளே போனது. மூடி மட்டும் திறந்தே இருந்தது.

"முடியாது!" என்றாள் செவந்தி.

தோகையம்மா அசந்துபோனாள். "என்னது?"

"முடியாதும்மா! தர மாட்டேன்!"

பிறந்ததிலிருந்து அவள் சொல்லியிராத சொல் அது. சொன்னதால் வானம் இடிந்து விழவில்லை. தோகையம்மா "ஹும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அப்போது கடம்பன் குரல் கொடுத்தான். "சுழி வருது! குட்டிகளைப் பிடிச்சுக்குங்க! கைமூட்டையை இறுக்கிப் பிடிச்சுக்குங்க!"

பரிசல் சுழியில் இறங்கியது. வட்டப் பரிசல் கிறுகிறுவென்று சுற்றியது. ஆறும் கரையும் மலையும் சேர்ந்து சுற்றின. முயல்குட்டிகள் வீரிட்டன. பெட்டிக்குள் விரியன் உருண்டு புரளும் சத்தம் செவந்திக்குக் கேட்டது. அதற்கும் தலை சுற்றுகிறது!

இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது. செவந்தி பின்னங்காலால் மொட்டை எட்டி உதைத்தாள். மொட்டு உருண்டுபோய்த் தோகையம்மாவின் மடியில் விழுந்தது. மறுகணம் செவந்தி முன்னங்கால் இரண்டையும் மூடிமேல் ஊன்றி, கொடியைப் பல்லால் கவ்வி இழுத்தாள். முடிச்சு இறுகியது.

பெட்டிக்குள்ளே சீற்றம் கிளம்பியது. ஓலைப்பெட்டி அவள் காலடியில் துள்ளியது. ஓலை இடுக்கு வழியே வளைந்த பல் ஒன்று வெளியே வந்தது, அவள் குளம்புக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விஷத்தைச் சிந்தியது. செவந்தி காலை எடுக்கவில்லை. கொடியைக் கவ்வியிருந்ததால் கத்தவும் முடியவில்லை. வாயைத் திறந்தால் கொடி தளர்ந்துவிடும். பின்னங்குளம்பால் பரிசலின் அடியைத் தடதடவென்று தட்டினாள். சருகுமானுக்கு ஆபத்தென்றால் அதுதான் கூப்பாடு.

"என்னம்மா ஆச்சு?" கடம்பன் துடுப்போடு திரும்பினான். சீறலைக் கேட்டான். பல்லைப் பார்த்தான். பாய்ந்து வந்து கொடியைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

"விரியன்! யாரும் எழுந்திருக்காதீங்க! ஒரே பக்கம் சாஞ்சா எல்லாரும் தண்ணிக்குள்ளதான்!"

பெட்டியைத் துடுப்பு நுனியில் மாட்டி, யாரும் குடியிராத நடு ஆற்றுப் பாறை ஒன்றின் மேல் வீசினான். பெட்டி பிளந்தது. விரியன் நெளிந்து வெளியே வந்து, சுற்றிலும் சுழித்தோடும் தண்ணீரைப் பார்த்துச் சீறியது. பரிசல் விலகிப் போய்விட்டது.

பிறகு முயல் கேட்டாள்: "உன் மூட்டைக்குள்ள இது எப்படிக்கா வந்துச்சு? யாராவது தெரியாமப் போட்டுட்டாங்களா?"

எல்லாரும் செவந்தியைப் பரிவோடு பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், தப்பித்துவிடலாம். செவந்திக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மொட்டு தோகையம்மாவின் மடியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அது என் மூட்டை இல்லை. வாசனையார் குடுத்தது. உள்ள என்னன்னு நான் பாக்கலை. என்னுதுன்னு பொய் சொல்லித்தான் ஏத்தினேன்."

முயல் தன் நான்கு குட்டிகளையும் இழுத்து வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கச் செவந்திக்கு வலித்தது.

"ஏம்மா பொய் சொன்னே?" என்றான் கடம்பன்.

"அவரு முகம் சுருங்கிப்போச்சுண்ணே."

"அவன் முகம் சுருங்கினா நாளைக்கு நிமிந்துடும். இந்தப் பிள்ளைங்க போயிருந்தா?"

கடம்பன் பரிசலைக் கரைக்குத் திருப்பினான். "உன் தைரியத்துக்குக் கும்பிடு போடறேன் செவந்தி. ஆனா இந்த வருஷம் தீவு உனக்குக் கிடையாது. மூட்டை யாருதுன்னு நான் கேக்கறதே இத்தனை உயிருக்காகத்தான்." அவள் மருந்து மூட்டையைத் தெப்பத்திலிருந்து எடுத்துக் கொடுத்து, இருவரையும் இறக்கிவிட்டுப் போனான்.

கரையில் உட்கார்ந்து செவந்தி மொட்டுக்கு மருந்து ஊட்டினாள். குட்டியை முகர்ந்து முகர்ந்து பார்த்து அழுதாள். பிறகு இரண்டு பேரும் காட்டு வழியே வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் மொட்டு கேட்டது:

"அம்மா, நீ முடியாதுன்னு சொல்லியிருந்தா அந்த மாமா உன்னை அடிச்சிருப்பாரா?"

"இல்லை கண்ணு."

"திட்டியிருப்பாரா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்கும்மா பயந்தே?"

செவந்தி நின்று, குனிந்து மொட்டின் நெற்றியை நக்கிக் கொடுத்தாள்.

ஒருவர் முகம் கோணுமே என்று பயந்து, உள்ளே இருப்பது தெரியாத சுமையைத் தன்னுடையது என்று சொல்லி ஏற்றுக்கொள்பவர், தம்மை நம்பிக் கூட வருகிறவர்களின் உயிரையும் ஆபத்தில் தள்ளுகிறார்.