வடக்கே திரும்பிய நடை

மேகலா டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வாயிலிருந்து வராது, காலிலிருந்துதான் வரும். அவரோடு நடக்கிறவர்கள் இப்படிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அடுத்த ஞாயிறும் வந்து நிற்பார்கள்.

டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திருவான்மியூர் கடற்கரையில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நிற்பார். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும், அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலில் தெற்கே நடப்பார்கள். ஒரு வாரம் நீலாங்கரை வரை, ஒரு வாரம் அக்கரை வரை, உடம்பில் தெம்பிருந்தால் அதற்கும் அப்பால். வெயில் ஏறியதும் மேலே சாலைக்குப் போய் பஸ் பிடித்து வீடு திரும்புவார்கள்.

அந்தக் கூட்டத்தில் வயதில் மூத்தவர் சவரிராயன். சிஷ்யனாகச் சேர்ந்ததில் கடைக்குட்டியும் அவர்தான்.

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் அவர் சூப்பர்வைசர். பட்டுப் பிரிவுக்கும் வேட்டிப் பிரிவுக்கும் நடுவே நெஞ்சை நிமிர்த்தி நடப்பதுதான் உத்தியோகம். அவர் வருகிற தோரணையைப் பார்த்தே விற்பனைப் பிள்ளைகள் அரட்டையை நிறுத்துவார்கள். "சவரி நடந்தா கல்யாண ஊர்வலம் வர்ற மாதிரி இருக்கு" என்பார் முதலாளி.

போன வருஷம் ஒரு தண்ணி லாரி அவர் வண்டியை இடித்துத் தள்ளியது. உயிர் தப்பியது மாதா புண்ணியம். வலது கால் எலும்பு நொறுங்கி, கம்பி வைத்துக் கட்டி, எல்லாம் ஆறி எழுந்து நின்றபோது இடது காலைவிட அது ஒரு அங்குலம் குட்டையாகியிருந்தது. ஒரு அங்குலம்தான். ஆனால் ஆளின் நடையையே அள்ளிக்கொண்டு போய்விட்டது.

ஒரு பக்கம் மட்டும் அடி தடித்த ஷூ ஒன்று செய்து கொடுத்தார்கள். காலில் செங்கல்லைக் கட்டிவிட்டாற்போல இருந்தது. அதைத் தூக்கிப் பரணில் போட்டார். முதலாளி நல்ல மனுஷன், குடோனில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஈஸ்டர் முடிந்ததும் மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் மணப்பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துப் போவது தகப்பன் வேலை. இரண்டு பக்கமும் சனம் எழுந்து நின்று பார்க்கும். அத்தனை கண்ணுக்கும் நடுவே ஒரு பக்கமாய்ச் சாய்ந்து சாய்ந்து போவதா?

"இஞ்ஞாசி மாமா உன்னைக் கூட்டிட்டுப் போகட்டும்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

ஜெசிந்தா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சாப்பாட்டுத் தட்டை வைப்பாள், மாத்திரையை எடுத்துக் கொடுப்பாள், முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகள் முகத்துக்கு ஏங்குகிற நிலைமை சவரிராயனுக்கு.

இந்த நேரத்தில்தான், மணலில் நடந்தால் காலுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, டீச்சரின் கூட்டத்தில் வந்து சேர்ந்தார். முதல் நாள் எல்லோருக்கும் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நடந்தார். கொட்டிவாக்கம் தாண்டும்போதுதான் அவருக்கே உறைத்தது. உடம்பு ஆடவில்லை. தோள் சாயவில்லை. பழைய சவரி நடந்துகொண்டிருந்தார்.

அங்கேயே நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். கடலுக்கு நன்றி சொன்னார். ஈர மணலுக்கு நன்றி சொன்னார். இடது கன்னத்தில் விழுந்த இளவெயிலுக்கும், மணல் மேட்டில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடந்த அடப்பங்கொடிக்கும், குறுக்கே ஓடிய நண்டுக்கும் ஆளுக்கொரு நன்றி. படகோரம் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே போனார். இவர் எந்தக் கட்சி என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

ஆனால் பஸ்ஸுக்காகச் சாலையில் கால் வைத்ததும் நொண்டல் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஞாயிறும் அதே கதை. மணலில் ராஜநடை, சாலையில் பழைய குருடி கதவைத் திறடி. யோசித்து யோசித்துப் பார்த்தார். எல்லாம் டீச்சரின் ராசி என்று முடிவு கட்டினார். மனைவியிடம் சொல்லி அச்சு முறுக்கு சுடச் செய்து ஒரு டப்பா நிறையக் கொண்டுபோனார்.

"என்ன சார் இது?" என்றார் டீச்சர்.

"நன்றிக்கு."

"எதுக்கு நன்றி?"

"உங்ககூட நடந்தா என் கால் நேராயிடுது டீச்சர். ரோட்டுல ஏறினா போயிடுது. அது ஏன்?"

டீச்சர் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். கடலைப் பார்த்தபடி மென்றார்.

"பொண்ணுக்கு ஈஸ்டர் முடிஞ்சுதானே கல்யாணம்?"

"ஆமா."

"அடுத்த ஞாயிறு அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

"ஏன்னு கேட்டேனே டீச்சர்."

"முறுக்கு நல்லா மொறுமொறுன்னு இருக்கு" என்றார் டீச்சர். அவ்வளவுதான் கிடைத்தது.

வாரம் முழுக்க சவரிராயன் மனக்கோட்டை கட்டினார். மகள் கண் முன்னால் ஒரே சீராக நடந்து காட்ட வேண்டும். அவள் பார்க்கப் பார்க்க நேராக நடந்துவிட்டால், அந்த நேர்நடை காலோடு தங்கிவிடும் என்று ஏனோ ஒரு நம்பிக்கை. தங்கிவிட்டால் இஞ்ஞாசிக்கு வேலையில்லை. தானே அழைத்துப் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை தூக்கக் கலக்கத்தோடு ஜெசிந்தா வந்தாள். சவரிராயன் முதல் முறையாக எல்லோருக்கும் முன்னால் நடந்தார். கை வீசி நடந்தார். திரும்பிப் பார்த்து "பார்த்தியா?" என்றார். பின்னால் வந்துகொண்டிருந்த மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சின்ன வயசில் கடைக்குப் போனால் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுபிடிப்பாளே, அதே அப்பா. செல்போனில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

"அப்பா, மெதுவா!" என்று கூப்பிட்டாள்.

அலைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பாலவாக்கத்தில் இடைவெளி இன்னும் கூடிப்போயிற்று. கல்யாண ஊர்வலம் முன்னால் போய்க்கொண்டிருந்தது, பெண்ணைப் பின்னால் விட்டுவிட்டு. ஜெசிந்தா பின்தங்கி டீச்சரோடு சேர்ந்து நடந்தாள்.

நீலாங்கரையில் ஒரு படகின் நிழலில் சவரிராயன் மூச்சு வாங்க நின்றார். மகள் வந்ததும் வராததுமாக, அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினார்.

"ஜெசி, மாமா வேண்டாம். நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்த்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு! அவருக்கு அது போதும் போலிருந்தது.

மற்றவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். சவரிராயனும் திரும்பினார்.

"நமக்கு இன்னிக்கு பஸ் இல்ல சார்" என்றார் டீச்சர். "வந்த வழியே நடந்து போவோம்."

"அதுக்கென்ன டீச்சர், இன்னிக்கு மகாபலிபுரம் போகச் சொன்னாலும் போவேன்."

வடக்கே திரும்பி நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டில் உடம்பு வலது பக்கமாகச் சரிந்தது. நிமிர்ந்தார், மறுபடி சரிந்தது. சாலையில்கூட இவ்வளவு மோசமாக இருந்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக நடக்கப் பார்த்தவர் அப்படியே மண்டி போட்டு விழுந்தார். ஒரு அலை வந்து வேட்டியை நனைத்துவிட்டுப் போனது.

ஜெசிந்தா ஓடிவந்து கையை நீட்டினாள்.

"வேண்டாம், விடு" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாக்குக் கொடுத்த வாய் இன்னும் மூடவில்லை, அதற்குள் இப்படியா? "டீச்சர், என்ன ஆச்சு எனக்கு? நீங்க கூடத்தானே இருக்கீங்க?"

டீச்சர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அதை ஈர மணலில் படுக்க வைத்தார். பாட்டில் தானாக உருண்டு கடலைப் பார்த்துப் போனது. ஜெசிந்தா ஓடிப்போய் அதைப் பிடித்தாள்.

சவரிராயன் பாட்டிலைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார். மெல்லப் புரிந்தது. கரை முழுக்கக் கடல் பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. தெற்கே போனால் குட்டைக் கால் மேட்டில், நெட்டைக் கால் பள்ளத்தில். கணக்கு சரியாகிவிடும். வடக்கே திரும்பினால் குட்டைக் காலே பள்ளத்தில்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சந்தோஷமா நடந்துட்டிருந்தீங்க."

அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தை யார் மேல் போடுவது என்று தெரியவில்லை. கடல் மேல் போட முடியாது. "பஸ்ஸுக்கே போயிடலாம்" என்றார்.

"போலாம் சார். ரோடு அதோ இருக்கு."

டீச்சர் வற்புறுத்தவில்லை. ஜெசிந்தாதான் கடல் பக்கமாக வந்து நின்று அவருடைய வலது கையைப் பிடித்தாள்.

"நடக்கலாம்ப்பா."

நடந்தார்கள். டீச்சர் வேண்டுமென்றே பின்தங்கினார். ஒவ்வொரு எட்டுக்கும் சவரிராயன் சாய்ந்தார், அவர் சாய்ந்தபோதெல்லாம் ஜெசிந்தாவும் தண்ணீருக்குள் ஒரு கால் வைத்தாள். அவள் சுடிதார் முழங்கால் வரை நனைந்துவிட்டது.

முதல் ஞாயிறு கும்பிடு வாங்கிய வலைக்காரர் ஒருவர் தலை தூக்கிப் பார்த்தார்.

"என்னா பெரியவரே, போம்போது நல்லாத்தானே போனீங்க?"

"கடல் சாய்ச்சிடுச்சுப்பா" என்றார் சவரிராயன். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது.

கொஞ்ச தூரம் போனதும், "ஜெசி, நான் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துட்டேன்" என்றார். "கோயில்ல தரை சமமா இருக்கும். அங்க என் கால் நேராகாது."

"சமமா இருந்தா இவ்வளவு மோசமாவும் இருக்காதேப்பா."

அவர் நின்று மகளைப் பார்த்தார். குடோன் கணக்கையெல்லாம் பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கு தோன்றவே இல்லை.

"மாமாவை வரச் சொன்னதுல உனக்குக் கோவம்தானே?"

ஜெசிந்தா மறு கையால் நனைந்த சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல நானும் அம்மாவும் உக்காந்திருந்தோம்ப்பா. உள்ளேருந்து யாரு வந்தாலும் பயமா இருந்துச்சு. கால் போனாலும் பரவால்ல, ஆளைக் கொடுத்துடுன்னு மாதாகிட்ட கேட்டேன். காலோடயே கொடுத்தா. நான் கேட்டதுக்கு மேலயே கொடுத்துட்டான்னு இருந்தேன். நீங்க என்னடான்னா ஒரு அங்குலம் குறையுதுன்னு என்கூட வர மாட்டேன்னுட்டீங்க."

ஒரு வருஷமாகச் சவரிராயன் இந்தக் காலைத் திட்டாத நாளில்லை. அதைக் கேட்டதற்கு மேல் கிடைத்ததாக நினைத்த பிள்ளை ஒருத்தி வீட்டிலேயே இருந்திருக்கிறாள், அவருக்குத் தெரியவில்லை. மாதாவுக்கு நன்றி சொல்ல நினைத்தார், வாய் வரவில்லை. மகளிடம் சொல்ல நினைத்தார், அதுவும் வரவில்லை. சாய்ந்து சாய்ந்து நடந்தார்.

பிறகு பேச்சு எங்கெங்கோ போயிற்று. கல்யாணப் புடவைக்குக் கடையில் அவர் எடுத்து வைத்திருந்த வெள்ளைப் பட்டு, மாப்பிள்ளை வீட்டில் கேட்டிருக்கிற பிரியாணி, இஞ்ஞாசி மாமா இதற்கென்றே தைத்து வைத்திருக்கிற கோட்டு. "பாவம், அந்தக் கோட்டை என்ன பண்றது?" என்றாள் ஜெசிந்தா. அப்பாவும் பெண்ணும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள். ராவணன் மீசைப் புல்லின் காய்ந்த முள் உருண்டை ஒன்று காற்றில் அவர்களைத் தாண்டி ஓடியது. வெயில் இப்போது வலது கன்னத்தில் விழுந்தது. கொட்டிவாக்கம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

திருவான்மியூரில் நின்றார்கள். பின்னால் டீச்சரும் வந்து சேர்ந்தார். சவரிராயன் அவரைப் பார்த்ததும் பழைய சிஷ்யனாகிவிட்டார். கேட்காமல் விட மனசில்லை.

"டீச்சர், போகும்போது ஒரு குறையும் இல்லாம நேரா நடந்தேன். வரும்போது அடிக்கு ஒரு தடவை விழப் பார்த்தேன். ரெண்டும் இதே கரை, இதே கால்தான். இதுல எது என்னோட நடை?"

டீச்சர் ஜெசிந்தாவைப் பார்த்தார். கடற்காற்றில் அவள் முடியெல்லாம் பிரிந்து, கண்ணையும் மூக்கையும் மூடிக்கொண்டு பறந்தது. அவள் தலையை உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது இருக்கட்டும் சார். முதல்ல அந்தப் பிள்ளை கையை விடுங்க. நீலாங்கரையிலேர்ந்து பிடிச்சுக்கிட்டே வர்றீங்க, முடியை அள்ளி முடியக்கூட விடாம."

சவரிராயன் அப்போதுதான் குனிந்து பார்த்தார்.