கருஞ்சிறகனுக்குக் கைதட்டியவர்கள்

பரஞ்சோதி கோபத்தோடு வந்தார். கையிலிருந்த படக்கதையின் நூற்று நான்கு பக்கங்களையும் வசுமதியின் மேஜைமேல் பொத்தென்று போட்டார்.

வசுமதி அவரைவிட ஆறு வயது சின்னவள். ஆனால் நாற்பது வயதுக்குமேல் படக்கதை வரைய ஆசைப்பட்டு அவளிடம்தான் அவர் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொண்டார். அதனால் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"பாலத்தை எடுத்துடணுமாம் டீச்சர். எடுத்தாதான் புத்தகம் போடுவானாம் அந்தப் பதிப்பாளர்."

"எந்தப் பாலம்?"

"என் நாயகன் கருஞ்சிறகன் தகர்க்கிற பாலம். வெடிகுண்டு லாரி ஊருக்குள்ள போயிடக் கூடாதுன்னு தகர்க்கிறான். அப்ப ஒரு பஸ்ஸும் பாலத்துமேல வருது. முப்பத்தோரு பேர் செத்துப் போறாங்க. நாயகன் கையில ரத்தம் படக் கூடாதாம்! பால் வடியிற முகமா வேணுமாம்!"

ஐந்து வருட உழைப்பு. யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"நீங்க ஒரு கடிதம் எழுதினா கேட்பான். நீங்களே சொல்லுங்க, நல்லவன் ஒரு பாவம் பண்ணவே மாட்டானா? பண்ணிட்டா அவன் நல்லவனா, கெட்டவனா?"

வசுமதி பக்கங்களைக் கையில் எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள். பாதியில் வந்த டீ ஆடை கட்டிப்போயிற்று.

"பாலம் இருக்கட்டும். ஒரு கோடுகூட எடுக்க வேணாம்" என்று கடிதத்தாளை எடுத்தாள்.

பரஞ்சோதிக்கு உயிர் வந்தது.

பேனாவைத் திறந்தவள் என்னவோ தோன்றிப் பதினேழாம் பக்கத்தை உருவினாள். பிறகு அறுபத்தொன்றை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"பஸ் ஜன்னல்ல டிபன் கேரியரை அணைச்சுக்கிட்டு ஒரு அம்மா. பின்னால காதுல கட்டுப் போட்ட ஒருத்தர். இவங்க யாரு?"

"பஸ்ல வந்தவங்க."

"செத்துட்டாங்களா?"

"எல்லாருமே."

"அப்ப இங்க, ஊரே அவனை மன்னிக்கிற விழாவுல, கைதட்டிக்கிட்டு நிக்கிறது யாரு?"

பரஞ்சோதி குனிந்து பார்த்தார். அதே டிபன் கேரியர் அம்மா. அதே காதுக்கட்டு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட, அதுவா! கூட்டத்தைக் கம்ப்யூட்டர்ல ஒரே ஒருதடவை வரைஞ்சு வச்சுப்போம். வேணுங்கிற இடத்துல எடுத்து ஒட்டிக்கிறதுதான். எல்லாரும் பண்றதுதான் டீச்சர்."

வசுமதி சிரிக்கவில்லை. அவள் முகம் சிவந்திருந்தது.

"அவன் மனசு உடைஞ்சு அழுறதுக்கு எட்டுப் பக்கம். கண்ணீரைச் சொட்டுச் சொட்டா வரைஞ்சிருக்கீங்க."

"அவன்தானே டீச்சர் கதை?"

"செத்தவங்களைக் கூட்டிட்டு வந்து, கொன்னவனுக்கே கைதட்ட வச்சிருக்கீங்களே சார்! கை கூசலையா?"

அவள் இப்படிச் சத்தம் போட்டு அவர் கேட்டதே இல்லை. அவருக்கும் சுருக்கென்றது.

"வேணும்னேவா பண்ணினேன்? பின்னால நிக்கிற கூட்டம்தானேன்னு விட்டுட்டேன். அதுல யார் யாருன்னு எவன் பார்க்கப் போறான்?"

வசுமதி பேனாவை மூடினாள்.

"பாலத்தைத் தகர்க்கிறப்ப உங்க கருஞ்சிறகனும் இதையேதான் நினைச்சிருப்பான்."